என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்ததும் ஸ்கிரிப்ட் தானாக ஓடலாமா?

பெரம்பூர்_லோகோ:
எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். அதற்கு வேண்டிய பிறர் எழுதிய பேக்கேஜ்களை என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் மேனேஜர்) இறக்கித் தருகிறது. டீமில் ஒருவர் அதன் அமைப்புக் கோப்பான .என்பிஎம்ஆர்சியில், ஸ்கிரிப்டுகள் தானாக ஓடுவதைத் தடுக்கும் இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்=ட்ரூ என்று போட்டுவிட்டார். அன்றிலிருந்து வரி விகிதக் கோப்பை உருவாக்கும் ப்ரீபில்ட் (பில்டுக்கு முன் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) ஓடவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. தீபாவளிக் கூட்டத்தில் பழைய விகிதத்தில் பில் போட்டால் கடைக்காரர் யாரைப் பிடிப்பார்? அந்த இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ் அமைப்பை நீக்கச் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை_வாசி:
நீக்காதீர்கள் தம்பி. உங்கள் ஸ்கிரிப்ட் வேறு, ஊர் பேர் தெரியாதவர் எழுதிய ஸ்கிரிப்ட் வேறு. என்பிஎம்மில் அந்த ஒரே ஸ்விட்ச் இரண்டையும் அணைக்கிறது, அதுதான் சிக்கல். என்பிஎம் ரன் பில்ட் என்றால் பில்ட் மட்டும் ஓடும், அதன் ப்ரீ, போஸ்ட் ஓடாது. வரி விகித ஸ்கிரிப்டை பில்ட் கட்டளைக்குள்ளேயே && போட்டு முன்னால் சேர்த்துவிடுங்கள், கட்டாயம் ஓடும்.

ஆனால் சார்புப் பேக்கேஜின் (உங்கள் மென்பொருள் நம்பியிருக்கும் பிறர் பேக்கேஜ்) போஸ்ட்இன்ஸ்டால், அதாவது இன்ஸ்டால் முடிந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட், உங்கள் பயனர் உரிமையோடு ஓடுகிறது. டோக்கன், எஸ்எஸ்எச் சாவி என்ற நுழைவுச் சாவிகள் எல்லாம் அதன் கைக்கு எட்டும். 2018 ஜூலையில் ஈஎஸ்லின்ட்-ஸ்கோப் பேக்கேஜின் 3.7.2 வெர்ஷன் இப்படித்தான் என்பிஎம் டோக்கன்களைத் திருடியது. 2021 அக்டோபரில் யூஏ-பார்சர்-ஜேஎஸ் பேக்கேஜ், இன்ஸ்டாலுக்கு முன் ஓடும் ப்ரீஇன்ஸ்டாலில் கிரிப்டோ மைனரை இறக்கியது. 2025 செப்டம்பரில் வந்த ஷாய்-ஹுலுட் என்ற புழு நிரல், திருடிய டோக்கனை வைத்து அந்த ஆளின் மற்ற பேக்கேஜ்களிலும் தன்னைத்தானே வெளியிட்டுப் பரவியது. இன்ஸ்டால் கொடுத்தாலே போதும், பேக்கேஜின் நிரலை ஓட்டக்கூட வேண்டாம்.

பெரம்பூர்_லோகோ:
ஒவ்வொரு பேக்கேஜின் வெர்ஷனையும் பதிந்து வைக்கும் லாக்ஃபைல் இருக்கிறதே அண்ணே, அதன்படியே இன்ஸ்டால் செய்யும் என்பிஎம் சிஐ கட்டளை போட்டால் வெர்ஷன் மாறாது. இன்னொரு பக்கம், புதிதாகச் சேரும் பையனுக்கு இன்ஸ்டாலின்போது ஓடும் எங்கள் ப்ரிப்பேர் ஸ்கிரிப்ட் ஓடாததால் ஹஸ்கி ஹூக் (கமிட்டுக்கு முன் சோதனை ஓட்டும் அமைப்பு) அமையாது, சோதனை இல்லாமலே கமிட் உள்ளே போகும். பிரவுசரைத் தானாக இயக்கும் பப்பெட்டியர் பேக்கேஜுக்கு குரோம் இறங்காது. இதற்கெல்லாம் ஒவ்வொருவரும் கையால் கட்டளை கொடுப்பார்கள் என்று நம்ப முடியுமா? மனிதர் மறப்பார் என்றுதானே பில்ட் டூலே வந்தது?

தண்டையார்பேட்டை_வாசி:
லாக்ஃபைல் நல்ல காவல்தான், யாராவது அப்டேட் கொடுக்கும் வரை. கெட்ட வெர்ஷன் வெளிவந்த அதே நேரத்தில் அப்டேட் செய்பவர்தான் முதலில் மாட்டுவார்.

எண்ணூர்_கோடர்:
இரண்டு பேருக்கும் ஒத்துவரும் வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த பிஎன்பிஎம் 10 (இன்னொரு பேக்கேஜ் மேனேஜர்), சார்புகளின் ஸ்கிரிப்டுகளை இயல்பாகவே தடுக்கிறது, உங்கள் ப்ராஜெக்ட்டின் ப்ரிப்பேரைத் தொடுவதில்லை. பப்பெட்டியர் மாதிரி வேண்டியதை மட்டும் அனுமதிப் பட்டியலில் எழுதலாம். பன் என்ற இன்னொரு கருவியிலும் இதே மாதிரி பட்டியல் உண்டு. படங்களைக் கையாளும் ஷார்ப் பேக்கேஜுக்கு 0.33 வெர்ஷனுக்குப் பிறகு பெரும்பாலும் அதுவும் தேவையில்லை.

பெரம்பூர்_லோகோ:
பட்டியல் என்றால் சம்மதம், அது ரெப்போவிலேயே இருக்கும், எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சீசன் நடுவே பேக்கேஜ் மேனேஜரை மாற்ற மாட்டேன். வரி ஸ்கிரிப்டை இன்றே பில்டுக்குள் சேர்க்கிறேன். டெவலப்பர் லேப்டாப்பில் அந்த இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

தண்டையார்பேட்டை_வாசி:
லேப்டாப்பில்தான் எஸ்எஸ்எச் சாவி இருக்கிறது தம்பி. அங்கே எடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். தானாக பில்ட் செய்யும் சிஐ சர்வரிலாவது இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ் இருக்கட்டும், டிப்ளாய் டோக்கன் அங்கேதான் கிடக்கிறது.