அப்டேட்: ஒரு கேஸ் சிலிண்டர் எத்தனை யூனிட் கரண்ட்?

போன தடவை கேட்டிருந்தேன்ல, வீட்டு சிலிண்டர் ஒண்ணுல இருக்குற எனர்ஜி எத்தனை யூனிட் கரண்டுக்கு சமம்னு, இண்டக்‌ஷனுக்கு மாறலாமான்னு பாக்கத்தான். ரிப்ளைல ஒருத்தர் கிலோ கலோரில சொன்னார், இன்னொருத்தர் மெகாஜூல்ல, ரெண்டையும் ஆன்லைன் கன்வெர்ட்டர்ல போட்டுப் பாத்தாச்சு, ரெண்டு பேரும் சொன்னது ஒண்ணுதான்.

கேஸ் கிலோவுக்கு ஏறக்குறைய 46 மெகாஜூல். 14.2 கிலோவுக்கு 653. ஒரு யூனிட்ங்கறது ஒரு கிலோவாட் அவர், அதாவது 3.6 மெகாஜூல், அப்ப 181 யூனிட் வருது. கிலோ கலோரில போனா ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரி, அதனால 860ஆல வகுக்கணும், அதே பதில்தான்.

கன்வெர்ட்டர்ல எனர்ஜி அளவைகள் லிஸ்ட் வரும்ல, அதுல கலோரியே ரெண்டு மூணு இருக்கும், 4.184 ஜூல் ஒண்ணு, 4.1868 ஒண்ணு. அதுக்கு மண்டைய உடைச்சுக்காதீங்க, வித்தியாசம் 0.1 சதவீதம் கூட கிடையாது. கலோரிக்கு பதிலா கிலோ கலோரிய அமுக்கினாதான் ஆயிரம் மடங்கு எகிறிடும். கிலோவாட்ட காணோமேன்னு கேட்டவருக்கு: அது பவர், எனர்ஜி லிஸ்ட்ல வராது.

ஆனா அந்த 181 யூனிட்டும் முழுசா பாத்திரத்துக்குப் போகாதுல்ல. கேஸ் அடுப்புல 68 சதவீதம்தான் போகுதுன்னு வெச்சா 123 யூனிட், அதையே இண்டக்‌ஷன் 85 சதவீதத்துல குடுக்க 145 யூனிட் இழுக்கும். எங்க வீட்ல சிலிண்டர் ரெண்டு மாசம் வருது, ஈபி பில்லும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, அதனால அந்த 145ஐ பில்லோட நேரா கூட்டிக்கலாம். 500 யூனிட்ட தாண்டினா ஸ்லாப், அதாவது யூனிட் ரேட், மாறுற தொல்லை வேற, அதான் பால், டீ, வெந்நி மட்டும் இண்டக்‌ஷன்ல, மத்ததெல்லாம் கேஸ்லயே ஓடட்டும்னு முடிவு.