சிக்னலில் நிற்கும்போது மட்டும் என்ஜின் ஆஃப் ஆகிறது, ஃபியூயல் பம்ப் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கோவை பெட்ரோல்

வணக்கம். என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், மேனுவல் கியர், ஆக்சிலரேட்டருக்கு கேபிள்தான். 90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை, பைபாஸில் 100ல் போனாலும் இழுவை குறைவதில்லை. அவினாசி ரோட்டில் சிக்னலுக்கு வந்து கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால்தான் பிரச்சினை. ஆர்.பி.எம் முள் 800ல் நிற்காமல் 500க்குக் கீழே இறங்குகிறது, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகிவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஏசி போட்டிருந்தால் அடிக்கடி, போடாவிட்டால் எப்போதாவது. என்ஜின் லைட் எரியவில்லை.

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றினார், பலன் இல்லை. இப்போது ஃபியூயல் பம்ப்பை மாற்ற வேண்டும் என்கிறார், அது பெரிய செலவு. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வண்டி, மேம்பால இறக்கத்தில் ஆஃப் ஆனால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால் வேறு எதைப் பார்க்கலாம்?

பதில் 1: பட்டறைக்காரன்

பம்ப்பைத் தொடாதீர்கள். என்ஜினுக்கு மிகக் குறைவாக பெட்ரோல் தேவைப்படுவது ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போதுதான். பம்ப் பலவீனமாக இருந்தால் முதலில் மேடு ஏறும்போதோ, ஓவர்டேக் செய்ய அழுத்தும்போதோ திணறும். உங்கள் வண்டி 100ல் சுத்தமாக ஓடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

சந்தேகம் த்ராட்டில் பாடி மேல், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம் அது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் தகடு மூடிக்கொள்ளும், அப்புறம் என்ஜின் சுவாசிப்பது பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன வழியாகத்தான். அதைத் திறந்து மூடுவது ஐடில் வால்வு. என்ஜினுக்குள்ளிருந்து வரும் எண்ணெய்ப் புகை அங்கே போய்க் கருப்பாகப் படியும். வழி அடைபட்டால், முள் வேகமாக இறங்கும் நேரத்தில் வால்வு எவ்வளவு திறந்தாலும் காற்று போதாது. ஏசி கம்ப்ரசர் சுமையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உங்களுக்கு ஏசியில் அதிகமாக ஆவதும் இதனால்தான் இருக்கும்.

என்ஜின் ஆறிய பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி, தகட்டைத் திறந்து ஓரத்தைப் பாருங்கள். கருப்பு வளையம் இருந்தால் த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். ஐடில் வால்வைக் கழற்றினால் அதன் முனையைக் கையால் உள்ளே அழுத்தக் கூடாது, உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் பழுதாகும். இன்னொன்று, தகட்டின் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைத் தூக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அழுக்கு அப்படியே இருக்கும், த்ராட்டில் சென்சாரின் கணக்கும் கெட்டுப்போகும்.

இது கேபிள் வண்டிக்குச் சொன்னது. எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ளவர்கள் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டுக்குள் விரலை விடவே கூடாது.

பதில் 2: மதுரை வண்டி

பட்டறைக்கார அண்ணன் சொன்னது சரி, ஆனால் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவே இல்லை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஐடிலில் விட்டு பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். பெடல் பக்கம் ‘உஸ்ஸ்’ என்று சத்தம் தொடர்ந்து வந்து என்ஜின் குலுங்கினால், பிரேக் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் தகடு (டயாஃப்ரம்) கிழிந்து காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். என்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வேக்குவத்தை வைத்து நம் மிதிக்குப் பலம் கூட்டுவது இந்த பூஸ்டர்தான். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆஃப் ஆகும் வண்டிகளில் இது பலருக்குத் தோன்றுவதில்லை. இது பிரேக் விஷயம், தள்ளிப்போடக் கூடாது.

பங்க்கில் டேங்க் நிரப்பிய கையோடு மட்டும் ஆஃப் ஆகிறதா என்றும் கவனியுங்கள். அப்படியென்றால் டேங்க் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே கிடக்கலாம்.

என்ஜின் லைட் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். என்ஜின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பழுதுகளைப் படிக்கும் புளூடூத் ஓ.பி.டி ஸ்கேனர் வாங்கி ஃபோனில் பார்த்தால், லைட் எரிய வைக்காமல் நிலுவையில் இருக்கும் பழுதுக் குறியீடுகளும் தெரியும். பி0505 வந்தால் ஐடில் கட்டுப்பாட்டுக் கோளாறு.

பதில் 3: சேலம் டிரைவர்

முள் எப்படி இறங்குகிறது என்பதே பாதி விடை. மெல்லத் தள்ளாடி இறங்கி நின்றால் காற்று அல்லது பெட்ரோல் பக்கம். என்ஜின் சூடானதும், எந்த வேகத்தில் போனாலும், பட்டென்று அறுந்த மாதிரி நின்று, ஆறின பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது என்றால், என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். உங்களுக்கு முதலாவதுதான் என்று தோன்றுகிறது.

சரிசெய்யும் வரை அம்மாவை இதில் அழைத்துப் போகாதீர்கள். இறக்கத்தில் ஆஃப் ஆனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள். ஸ்டியரிங் கனமாகும், பலமாகத் திருப்புங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் லாக் விழுந்துவிடும்.

கோவை பெட்ரோல்

எல்லோருக்கும் நன்றி. பிரேக் சோதனையில் சத்தமும் இல்லை, குலுக்கலும் இல்லை. டேங்க் நிரப்புவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் தகட்டைச் சுற்றிக் கருப்பாகப் பசை, ஐடில் வால்வு உட்காரும் துளை பாதி மூடியிருந்தது. இரண்டையும் துடைத்து மாட்டினேன். இப்போது ஏசியோடு சிக்னலில் நிற்கிறது, ஆஃப் ஆகவில்லை. ஆனால் ஐடில் 1,300ல் இருக்கிறது. எதையாவது கெடுத்துவிட்டேனா?

பட்டறைக்காரன்

கெடவில்லை. அழுக்கு இருந்தபோது கம்ப்யூட்டர் வால்வை அதிகமாகத் திறந்து வைத்துப் பழகிவிட்டது, இப்போது வழி சுத்தமானதால் காற்று கூடுதலாகப் போகிறது. என்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏசியும் லைட்டும் இல்லாமல் கொஞ்ச நேரம் ஐடிலில் விடுங்கள், பல வண்டிகளில் தானாக இறங்கும். இறங்காவிட்டால் ஸ்கேனரில் ஐடில் ரீசெட் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் கழற்றிய குழாயின் கிளாம்ப்பையும் வால்வுக்குக் கீழே இருக்கும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள், அங்கே காற்று கசியலாம்.

கோவை பெட்ரோல்

சூடாக்கி விட்டதில் 850க்கு வந்துவிட்டது அண்ணா. ஏசி போட்டால் 900, நியூட்ரலுக்கு வந்தால் முள் அங்கேயே நிற்கிறது. பம்ப் வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன்.