மொலாசஸில் குளுடாமிக் அமிலம்: அனுபவமுள்ளோர் வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் உயிரித்தொழில்நுட்ப முதுநிலை மாணவியான நான், கோரினிபாக்டீரியம் குளுடாமிக்கம் என்னும் பாக்டீரியாவைக் கொண்டு, சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து குளுடாமிக் அமிலம் தயாரிக்க முயன்று வருகிறேன். 1950களில் ஜப்பானில் கினோஷிதா குழுவினர் கண்டறிந்த இந்த நுண்ணுயிர், பயோட்டின் என்னும் பி வகை வைட்டமின் பற்றாக்குறையாக இருக்கும்போதுதான் குளுடாமேட்டை (குளுடாமிக் அமிலத்தின் உப்பு வடிவம்) செல்லுக்கு வெளியே தாராளமாகச் சுரக்கிறது; மொலாசஸிலோ பயோட்டின் மிகுதி என்பதால், என் குடுவைகளில் செல்கள் செழித்து வளர்ந்தும் அமிலம் சொற்பமாகவே சேர்கிறது. பயோட்டினை அளந்து சேர்த்த குளுக்கோஸ் ஊடகத்தில், அதே 30 டிகிரி செல்சியஸில், விளைச்சல் நன்றாகவே இருந்தது.

இந்நிலையில், செல்லின் வெளியுறையைத் தளர்த்தி அமிலத்தை வெளியேறச் செய்ய, பெனிசிலின் அல்லது ட்வீன் 40 என்னும் பரப்புச் செயலி சேர்ப்பது தொழில்துறையில் பழகிய வழி என்று அறிவேன். ஆனால் பெனிசிலினை முன்கூட்டியே சேர்த்தபோது வளர்ச்சியே நின்றுவிட்டது. தாமதித்துச் சேர்த்தபோது பயன் கிட்டவில்லை. வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில், செல் அடர்த்தியை எவ்வாறு கணித்து அதைச் சேர்க்கிறீர்கள்? காற்றோட்டம் குறைந்தால் லாக்டிக் அமிலம் உருவாகும் என்பதால், குலுக்கியின் வேகமும் காரணமாக இருக்குமோ என்று ஐயுறுகிறேன். நொதிகலனில் நேரடியாகப் பணியாற்றியவர்கள் கிண்டி, தரமணிப் பகுதியில் இருந்தால், என் குறிப்பேட்டுடன் நேரில் வந்து கேட்டுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன்.