லைட் ஷெல்ஃப்: ஒளித்தட்டா, ஒளிப்பரணா?

அனைவருக்கும் வணக்கம்.

கிளை நூலகங்களுக்கான பசுமைக் கட்டடச் சொற்பட்டியலில், வெயிலைக் கூரைக்குத் தெறிக்கச் செய்யும் சன்னல் பலகையான லைட் ஷெல்ஃபுக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: ஒளியலமாரி, ஒளித்தட்டு, ஒளித்திருப்பி. முதலாவதை விட்டுவிடலாம், அங்கே அலமாரியே இல்லை. ஒளித்தட்டு குறுவட்டுக்கு ஏற்கெனவே புழங்கிய சொல். அதைவிடப் பெரிய சிக்கல், நூலகத்தில் தட்டு என்றாலே புத்தகத் தட்டுதான். மதிப்பீட்டுப் பட்டியலில் "தட்டு, 12 எண்ணம்" என்று எழுதினால் வேலை தச்சருக்கா கொத்தனாருக்கா என்பதே குழம்பும். ஒளித்திருப்பி என்பதோ கண்ணாடி, சாய்பலகை எல்லாவற்றையும் குறிக்கும் பொதுச்சொல்.

பொருள் இதுதான். தரையிலிருந்து 2.1 மீட்டரில், அதாவது லிண்டல் (கதவு, சன்னல்களின் மேல் வார்க்கும் உத்திரம்) மட்டத்தில், சன்னலைக் குறுக்கே பிரிக்கும் கிடைப்பலகை. கீழ்ப்பகுதி வெளியே பார்க்க, மேல்பகுதி ஒளிக்கு. பலகையின் வெள்ளை மேற்பரப்பில் விழும் வெயில் கூரையின் அடிப்பக்கத்துக்குத் தெறித்து, அங்கிருந்து அறையின் உட்புறத்துக்கு இறங்குகிறது. சன்னல் உச்சி 3 மீட்டரில் இருந்தால் பக்கவெளிச்சம் ஏறத்தாழ 4.5 மீட்டர் வரை பயன்படும். இந்தப் பலகை இருந்தால் 6 மீட்டர் வரை எதிர்பார்க்கலாம்.

நம் வீடுகளில் இதே லிண்டல் மட்டத்தில்தான் வெளியே சன்ஷேடும் உள்ளே பரணும் வார்க்கிறார்கள். இரண்டையும் ஒரே தளமாக்கி, மேலே ஒரு சன்னலைத் திறந்தால் லைட் ஷெல்ஃப் ஆகிவிடும். எனவே 'ஒளிப்பரண்' என்று முன்மொழிகிறேன். வெளிநீட்சி வெளிப்பரண், உள்நீட்சி உட்பரண், மேலுள்ளது மேற்சாளரம்.

——

> எனவே 'ஒளிப்பரண்' என்று முன்மொழிகிறேன்.

சொல் அழகாக இருக்கிறது, ஐயா. ஆனால் பரண் என்று பெயர் வைத்தால் பொருள்களை ஏற்றிவிடுவார்கள். நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கு எப்போதும் இடம் தேவை. இரண்டு கட்டு ஏறினாலே அந்தச் சன்னலின் பயன் போய்விடும். சொல்லே தவறான பயன்பாட்டுக்கு அழைக்கக் கூடாது என்பது என் கவலை.

இன்னொன்று: வரையறையில் திசை கட்டாயம் வர வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்த வெயில் பலகைக்குக் கீழாகவே நுழைந்து வாசகர் கண்ணில் அடிக்கும். அங்கே செங்குத்துத் தடுப்புகள்தான் சரி.

——

திசை பற்றிச் சொன்னது மிகச் சரி. தென்சுவர் என்றே எழுதுவோம். சென்னையில் டிசம்பர் நண்பகல் வெயில் கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகையில் விழும். அப்போது 75 செ.மீ. வெளிப்பரண் தனக்குக் கீழே 1 மீட்டர் நிழல் தரும். ஆனால் காலை 9 மணிக்குத் தென்சுவரின் வெட்டுமுகத்தில் (சுவரைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கும் படத்தில்) அந்தக் கோணம் 45 பாகையாகக் குறைகிறது. மேற்சாளரம் 90 செ.மீ. உயரமென்றால் வெயில் அதே அளவு உள்ளே வரும். ஆகவே உட்பரணின் அகலம் மேற்சாளரத்தின் உயரத்துக்குக் குறையக் கூடாது. 60 செ.மீ.யோடு நிறுத்தினால் மீதி வெயில் வாசகர் மேசையில் விழும், தாள் பழுக்கும்.

சென்னையில் மே, சூன், சூலை மாதங்களின் நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுவதால் தென்சுவரில் நேர்வெயில் படாது, வானொளி மட்டுமே. இந்தக் குறையையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

பொருள் ஏற்றும் சிக்கலுக்குச் சொல்லை மாற்றுவதைவிடக் கட்டுமானத்தை மாற்றுவது நல்லது. உட்பரணைக் கான்கிரீட்டில் வார்க்காமல், எடை தாங்காத மெல்லிய அலுமினியத் தகட்டுச் சட்டமாக, கீல் வைத்துக் கீழே மடங்கும்படி செய்யலாம். துடைப்பதற்கும் அதுவே வசதி. தூசி படிந்த வெள்ளைப் பரப்பு பாதி வேலைதான் செய்யும். துடைக்க ஆள் இல்லாத கிளைக்கு இதைப் பரிந்துரைக்கவே கூடாது. பளபளக்கும் எஃகுத் தகடு வேண்டாம், கூரையில் கண்கூசும் கீற்றுகள் விழும். மங்கிய வெள்ளைப் பூச்சு போதும். வெளிப்பரணுக்கு 40-க்கு 1 வெளிச்சாய்வும், அடிவிளிம்பில் மழைநீர் சுவருக்குத் திரும்பாமலிருக்க ஒரு காடியும் (நீளமான சிறு பள்ளம்) தேவை. புறா அடையாமலிருக்க மேற்சாளரத்தின் முன் வலை கட்டுவதைத் தவிர்க்கவும். வலையே ஒளியைக் குறைக்கும். விளிம்பில் கம்பி இழுத்தால் போதும்.

——

மின்விசிறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரைக்குப் போகும் ஒளியின் குறுக்கே இறக்கைகள் சுழன்றால் மேசையெல்லாம் நிழல் துடிக்கும். அரைமணி வாசித்தாலே தலைவலி வரும். சன்னலோர வரிசையில் சுவர் விசிறிகளைப் பரணுக்குக் கீழே பொருத்த வேண்டும். புத்தக அடுக்குகள் சன்னலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இணையாக நிறுத்தினால் முதல் அடுக்கே சுவராகிவிடும்.

மிக முக்கியமாக, விளக்கு வரிசைகள் சன்னலுக்கு இணையாக, தனித்தனி சுவிட்சோடு இருக்க வேண்டும். ஒரே சுவிட்ச் என்றால் பின்வரிசைக்காக முன்வரிசையும் பகல் முழுதும் எரியும். ஒளிப்பரண் கட்டியும் மின்சாரம் மிஞ்சாது. மாலையில் நடக்கும் வாசகர் வட்டத்துக்கும் சிறுவர் வகுப்புக்கும் எப்படியும் மின்விளக்குதான். அதை உட்பரணின் அடியில் பொருத்தினால் மேசையில் 300 லக்ஸ் (ஒளியளவின் அலகு) வெளிச்சம் பெறுவது எளிது.

ஒளிப்பரணுக்கு என் ஒப்புதல். பட்டியலுக்கு இப்படி எழுதலாம்:

ஒளிப்பரண் (பெ.) — தென்சுவர்ச் சன்னலை மேற்சாளரம், பார்வைச் சாளரம் என இரண்டாகப் பிரித்து, வெயிலைக் கூரையின் அடிப்பரப்புக்குத் தெறிக்கச் செய்யும் கிடைப்பலகை. பொருள்கள் வைப்பதற்கன்று.