ஆராய்ச்சிக்கு என்று உங்கள் ஊருக்கு வந்தவர்கள்: பார்த்ததைச் சொல்லுங்கள்

மாந்தோப்புக்காரன் (காவேரிப்பட்டணம் பக்கம்)

எங்கள் தோப்புக்கு வருகிறவர்கள் மூன்று வகை. குத்தகைக்காரர், மண்டி ஆள், மருந்து விற்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம், மரமெல்லாம் பூவாக நின்ற நேரத்தில், நாலாவதாக ஒரு பெண் வந்தார். சட்டத்தில் ஆராய்ச்சி செய்கிறாராம், அதிலும் ஒப்பந்தச் சட்டம். மாமரத்துக்கும் ஒப்பந்தச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை, நிலம் எடுக்க அளக்க வந்த ஆளோ என்றுதான் முதலில் பயந்தேன். கையில் ஃபைலோடு யார் வந்தாலும் இந்தப் பக்கம் முதலில் வருகிற பயம் அதுதான்.

அவர் கேட்டது இவ்வளவுதான்: தோப்பைக் குத்தகைக்கு விடும்போது எழுதிக்கொள்வீர்களா?

அப்பா உள்ளே போய் பழைய பாக்கெட் டைரி ஒன்றைக் கொண்டுவந்தார். உர கம்பெனி இலவசமாகக் கொடுத்தது, அட்டை எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதில் ஒரு பக்கத்தில் "கிணத்து மேட்டுத் தோப்பு, பெங்களூரா, பூவுல பேசினது, முன்பணம் 40, மீதி காய் இறங்க" என்று பென்சிலில் எழுதியிருந்தது. பெங்களூரா என்பது மா ரகம். கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை, 40 என்பது நாற்பதாயிரம் என்றுகூட எழுதவில்லை. அந்தப் பெண் அதை ஏதோ செப்பேட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மூன்று படம் எடுத்தார், வெளிச்சம் சரியில்லை என்று திண்ணைக்கு எடுத்துப்போய் மறுபடி இரண்டு.

"இது செல்லுமாம்மா?" என்று அப்பா கேட்டார். செல்லும் என்றார். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், வேறு சட்டம் எழுத்தில் வேண்டும் என்று கேட்காத வரைக்கும், வாய்ப்பேச்சே ஒப்பந்தம்தானாம். சண்டை வந்தால் நிரூபிப்பதுதான் கஷ்டம், மற்றபடி ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அப்புறம் சொன்னதுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தில் காய்ப்புக்கு நிற்கிற மரம் அசையா சொத்து, ஆனால் மரத்தில் தொங்குகிற காய் அசையும் சொத்து என்று இருக்கிறதாம். அதனால் ஒரு பருவத்துக் காயை மட்டும் விற்றால் பதிவு வேண்டாம். நிலத்தோடு சேர்த்து ஒரு வருஷத்துக்கு மேல் குத்தகை விட்டால் அது வேறு கதை, அதைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சரிதான், காத்துல ஆடுதுல்ல, அசையும் சொத்துதான்" என்றார். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டார்.

பேச்சு ஆலங்கட்டி மழைப் பக்கம் போனது. சில வருஷம் முன்னால் பிஞ்சு நெல்லிக்காய் அளவு இருக்கும்போது ஒரு சாயங்காலம் அடித்தது. மறுநாள் காலையில் தோப்புக்குள் கால் வைக்க இடமில்லை, பச்சைப் பாய் விரித்த மாதிரி பிஞ்சு. குத்தகைக்காரர் வந்து எதுவும் பேசாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அப்பா மீதிப் பணத்தில் பாதியை விட்டுவிட்டார். இதைச் சொன்னதும் அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டார். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போனால்தான் அது செல்லாமல் போகும், வெறும் நஷ்டம் என்றால் போகாது, 1960-லேயே அலோபி பர்ஷாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது, காய் கொஞ்சம் மிஞ்சியும் இருந்திருக்கிறது, நீங்கள் முழுப் பணத்தையும் கேட்டிருக்கலாமே, ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்.

"கேட்டிருந்தா அடுத்த தையில என் தோப்புக்கு எவன் வருவான்?"

அப்பாவுக்கு அது பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகவே தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு மொத்த ஆராய்ச்சியுமே அந்த ஒரு வரியில்தான் இருந்தது என்று நினைக்கிறேன், திரும்பிப் போகும்போது முகத்தில் அப்படி ஒரு களை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றோம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். இதுவரை போன் இல்லை, ஒரு வரி செய்தி இல்லை. எழுதி முடித்தாரா, பட்டம் வாங்கினாரா, தெரியாது.

உங்கள் ஊருக்கு யாராவது இப்படி வந்தார்களா? வந்தவர்கள் என்ன கேட்டார்கள்?


இலைக்குப் பாலிஷ் போட்டவள் (பாலக்கோடு)

வந்தவள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள். தாவரவியலில் ஆராய்ச்சி செய்தேன். வேலை மாமரத்து இலைத்துளை. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், மரம் மூச்சு விடுவதும் தண்ணீரை ஆவியாக விடுவதும் அது வழியாகத்தான், உச்சி வெயிலில் தண்ணீர் போதாவிட்டால் மூடிக்கொள்ளும். அதை எண்ணுவதற்கு ஒரு மலிவான வழி உண்டு. நிறமில்லாத நகப்பூச்சை இலையின் அடியில் மெல்லப் பூசி, காய விட்டு, செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் இலையின் அச்சு அப்படியே வந்துவிடும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம்.

இதற்காக பாலக்கோட்டில் ஃபேன்சி ஸ்டோரில் ஒரே நாளில் பன்னிரண்டு பாட்டில் வாங்கினேன். கடைக்காரம்மா "கல்யாணமா கண்ணு?" என்றார். மாமரத்துக்கு என்றேன். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் அந்தக் கடையில் எனக்கு ஒரு தனி மரியாதை, மரியாதையா என்ன என்று தெரியவில்லை, எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வேலையின் இரண்டாவது பாதி கல்டார் ஊற்றிய மரங்கள். இங்கே மா வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: அதன் வேதிப்பெயர் பேக்லோபியூட்ரசால். மரத்தை நீளமாக வளரச் சொல்கிற ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உள்ளேயே உருவாக விடாமல் தடுக்கும். (அந்த ஜிப்ரலின் வெளிச்சத்துக்கு வந்ததே ஒரு நெல் நோயால். பயிர் சம்பந்தமில்லாமல் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடுகிற நோய் அது, காரணம் ஒரு பூஞ்சை விடுகிற சுரப்பு என்று 1926-ல் ஜப்பானிய விஞ்ஞானி குரோசாவா காட்டினார்.) வளர்வதை நிறுத்தினால் மரம் பூக்கத் திரும்பும். செப்டம்பர் வாக்கில் தூரைச் சுற்றி ஊற்றுவார்கள். ஒரு வருஷம் காய்த்து மறுவருஷம் ஓய்வு எடுக்கிற மரம்கூட ஓய்வு எடுக்காமல் பூக்கும். அளவோடு விட்டால் நல்ல மருந்துதான், நான் எதிரி இல்லை. அளவு மீறினால் கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கி, பூங்கொத்து கைமுஷ்டி மாதிரி இறுகிப்போகும். மண்ணிலும் லேசில் போகாது.

எந்தெந்த மரத்துக்கு ஊற்றினீர்கள் என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஊற்றவே இல்லை என்பார்கள். கொத்தைப் பார்த்தாலே தெரியும், ஆனால் நான் பார்த்ததை வைத்து எழுத முடியாது, வருஷமும் அளவும் வேண்டும். ஒரு மாதம் அலைந்த பிறகு, களை எடுக்க வருகிற ஒரு பாட்டிதான் காரணம் சொன்னார். "சொந்தக்காரனுக்குத் தெரியாது கண்ணு. குத்தகைக்கு எடுத்தவன் ஊத்தறான். அவனுக்கு மூணு வருசம்தானே கணக்கு, மரத்துக்கு அம்பது வருசம்." பிறகு எந்த மரம், எந்த வருஷம், எத்தனை மூடி என்று வரிசையாகச் சொன்னார். என் ஆய்வேட்டில் மூன்றாம் இயலின் அட்டவணை முழுக்க அந்தப் பாட்டியின் ஞாபகம்தான். பெயர் போடலாமா என்று கேட்டதற்கு, "போட்டா எனக்கு வேலை குடுப்பானா?" என்றார். போடவில்லை.

மேலே எழுதிய மாந்தோப்புக்காரருக்கு ஒரு கேள்வி. உங்கள் டைரியில் மருந்தைப் பற்றி ஏதாவது வரி உண்டா?


ஓய்வு பெற்ற வாத்தியார் (பென்னாகரம்)

எங்கள் பள்ளிக்கு வந்தவர்கள் பல் பார்க்க வந்தவர்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது தர்மபுரிக்காரர்களுக்குப் புதிதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்கிறார்கள், எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பலவும் அந்த எல்லைக்குள் அடங்காதவை. பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி "சிரிங்க, சிரிங்க" என்றார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் மதிப்பெண் போட்டார்கள், டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வகுத்த அளவுகோலாம் அது. பழுப்புக்கறை ஏறிய பற்களோடு இருக்கிற பிள்ளைகள் அதுவரை வாயை மூடிச் சிரிக்கப் பழகியவர்கள். அன்றைக்குக் கூட்டத்தின் முன்னால் வாயைத் திறந்து நின்றார்கள். வீட்டுக்கு வீடு பாட்டிலில் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னார்கள், பிள்ளைகள் நோட்டுப் பேப்பரில் பெயர் எழுதி நூலால் கட்டிக் கொண்டுவந்தன. எந்த பாட்டிலில் எவ்வளவு என்று கடைசிவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தேன், சுவரில் ஒரு சுவரொட்டி. ஒரு வாய் மட்டும், பெரிதாக. கண், மூக்கு எதுவும் இல்லை. ஆனால் முன்பல் இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தும், ஓரத்தில் உடைந்த பல்லும் எனக்குத் தெரிந்தவை. நாலாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பெண். அவளிடம் யாரும் கேட்கவில்லை, வரிசைக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன், என்னிடமும் கேட்கவில்லை. இப்போது ஏழு வயது தாண்டிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும், பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் போட்ட நெறிமுறை இருக்கிறது. அப்போதும் அதற்குச் சட்டம் வேண்டியதில்லை, "பாப்பா, படம் எடுக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப் பலர் வந்து வந்து எழுதிய கணக்குகள் சேர்ந்துதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குப் பேசின. 2013-ல் காவிரித் தண்ணீர் வந்தது. குழாயில் வராத நாளில் பழைய போர் தண்ணீரைக் குடிப்பது இன்னும் உண்டு, அது வேறு வழக்கு.


பர்கூர் ஆள்

எங்கள் பக்கம் மயிலாடும்பாறை. தொல்லியல்காரர்கள் வந்து தோண்டுகிறார்கள் என்றதும் ஊர் கேட்ட ஒரே கேள்வி, தங்கம் இருக்கா? இரும்பு என்றார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதல்வரே எழுந்து அங்கே கிடைத்தவற்றின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை போகிறது, அதாவது 4200 வருஷம் என்று சொன்னபோதுதான் திரும்பிப் பார்த்தோம். என் மாமா அந்தப் பாறைக்குக் கீழேதான் ஆடு மேய்ப்பார், துருப்பிடித்த துண்டு எத்தனையோ காலில் இடறியிருக்கிறது, தூக்கி எறிந்திருக்கிறேன் என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், எனக்கு இதற்கு மேல் தெரியாது.


மாந்தோப்புக்காரன்

பாலக்கோட்டுச் சகோதரி கேட்ட கேள்விக்குப் பதில்: டைரியில் மருந்தைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. கிணத்து மேட்டுத் தோப்பு போன வருஷத்திலிருந்து மூன்று வருஷக் குத்தகையில் இருக்கிறது, அதற்குப் பத்திரமும் இல்லை. நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கைமுஷ்டி மாதிரி பூங்கொத்து என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புக்குப் போனார். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. எதுவும் சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை, டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி போனார்.

ஞாயிற்றுக்கிழமை குத்தகைக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். சத்தமெல்லாம் இல்லை. ரெண்டு மரத்துக்கு மட்டும்தான் ஊத்தினேன், அண்ணே, காயே நிக்கல, நான் என்ன பண்றது என்றார் அவர். அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். அப்பா டைரியைப் பிரித்து, பென்சிலை வைத்துவிட்டு என்னிடம் பேனா கேட்டார். "கல்டார் கேக்காம ஊத்தக் கூடாது" என்று எழுதி, தேதி போட்டு, டைரியை அவர் பக்கம் திருப்பினார். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் கையெழுத்து கேட்டது இதுதான் முதல் தடவை.

போட்டார். டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.