உசாத்துணைப் பட்டியலில் நீங்கள் கண்டவை: ஆய்வேடு எழுதுவோர் அனுபவப் பகிர்வு

தொடங்கியவர் (வரலாறு, முதுகலை)

ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் வந்துவிட்டது. யாழ். பல்கலைக்கழகத்துக்கு அருகே பரமேஸ்வராச் சந்திப் பக்கம் போனால் போட்டோக்கொப்பிக் கடைகளில் நிற்பவர்களெல்லாம் எங்கள் இறுதியாண்டுப் பிள்ளைகள்தான். தலைப்பு, கருதுகோள், பகுப்பாய்வு என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். உசாத்துணைப் பட்டியலை, அதாவது ஆய்வுக்குப் பயன்படுத்திய நூல்களின் பட்டியலை, மட்டும் கடைசி இரவுக்குத் தள்ளிவிடுகிறோம். நீங்கள் கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுங்கள், பின்னால் வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு உதவும். நான் தொடங்குகிறேன்.

ஓர் ஆய்வு முன்வைப்பு. பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மாணவர் நன்றாகவே பேசினார். அவருடைய பட்டியலில் நூறு வருடத்துக்கு முந்தைய சிறு பிரசுரம் ஒன்று இருந்தது. சேர் அதில் விரலை வைத்துக் கேட்டார்:

"தம்பி, இதை நீர் எங்கை பார்த்தனீர்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பார்க்கேல்லை சேர். இன்னொரு புத்தகத்தின்ரை அடிக்குறிப்பிலை இருந்தது."

சேர் ஏசவில்லை. "அப்ப அந்தப் புத்தகத்தைச் சொல்லும். இந்தப் பிரசுரம் எண்பத்தொண்டிலை எரிஞ்சதோடை போயிருக்கவும் கூடும். நீர் பார்த்தனெண்டு எழுதினா, நாளைக்கு ஒரு பிள்ளை அதைத் தேடி அலையும்."

1981 மே 31 இரவு தொடங்கிய அந்த எரிப்பில் யாழ். பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. ஒரே ஒரு பிரதியாக இருந்தவையும் அவற்றில் இருந்தன. அதனால் "எங்கே பார்த்தாய்" என்ற கேள்விக்கு மற்ற ஊர்களைவிட இங்கே கனம் அதிகம் என்று நான் நினைக்கிறேன். இதற்கு, உசாத்துணை எழுதும் முறைகளில் ஒன்றான ஏபிஏ (APA) முறையில் வழி இருக்கிறது. மூல நூலின் பெயரைக் கட்டுரைக்குள் சொல்லி, "இன்னாரில் மேற்கோள் காட்டப்பட்டவாறு" என்று சேர்க்க வேண்டும். பட்டியலில் போடுவது நீங்கள் கையில் எடுத்து வாசித்த நூலை மட்டும்தான். ஒரு வரிதான் கூடும், ஆனால் நம்பி வருகிறவர் ஏமாற மாட்டார்.

அடுத்தது இணையம். 2005இல் தொடங்கிய, ஈழத்து நூல்களை இணையத்தில் வாசிக்கத் தருகிற நூலகம் தளம் எங்களுக்குப் பெரிய கொடை. ஆனால் அங்கே பார்த்த நூலுக்கு ஆசிரியர் இடத்தில் "நூலகம்" என்று எழுதுகிறவர்களை அடிக்கடி காண்கிறேன். எழுதியவர் எழுதியவர்தான், தளம் அதை ஸ்கான் செய்து காத்து வைத்திருக்கிறது. ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, வெளியீட்டாளர் எல்லாவற்றையும் அச்சு நூலுக்கு எழுதுவது போலவே எழுதி, கடைசியில் இணைய முகவரியைக் கொடுங்கள். பக்கத்திலேயே நூலக எண் இருக்கும், அதையும் உங்கள் குறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பக்க எண்ணைப் பீடிஎஃப் காட்டுகிற எண்ணிலிருந்து எடுக்க வேண்டாம். அட்டையும் முன்னுரையும் சேர்ந்து அது பெரும்பாலும் கூடித்தான் நிற்கும். தாளில் அச்சான எண்ணையே கொடுங்கள்.

இன்னொன்று பதிப்பு. மயில்வாகனப் புலவரின் வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலையை பிரிட்டோவின் 1879ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு, "(மயில்வாகனப் புலவர், 1879)" என்று மட்டும் போட்டிருந்த ஆய்வேடு ஒன்றைப் பார்த்தேன். விஷயம் தெரியாத ஒருவர் அதை வாசித்தால், 18ஆம் நூற்றாண்டுப் புலவர், ஆறுமுக நாவலர் மறைந்த 1879இல் உயிரோடு இருந்து எழுதினார் என்றுதான் எண்ணுவார். மொழிபெயர்ப்பாளர் பெயரும், எந்தப் பதிப்பு என்பதும் கட்டாயம் வேண்டும்.

நூலகத்தில் பணிபுரிபவர்

பதிப்பைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். பழைய தமிழ் நூல்களைக் கேட்டு வருகிற பிள்ளைகள் தலைப்புப் பக்கத்தில் ஆங்கில ஆண்டு இல்லை என்றவுடன் "ஆண்டு இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆண்டு அங்கேயே இருக்கும், "விபவ வருடம் தை மாதம்" என்று.

ஒரு தங்கச்சி இப்படி ஒரு நூலுடன் வந்தார். அறுபது வருடச் சுற்றில் விபவ என்பது 1868ஆகவும் இருக்கலாம், 1928ஆகவும் இருக்கலாம். நூலைச் செய்தவர் ஆறுமுக நாவலர் என்று இருந்தது. அவர் 1879இல் மறைந்தவர், ஆகவே 1868 என்று அந்தத் தங்கச்சி முடிவு கட்டிவிட்டார். நான் தலைப்புப் பக்கத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். கீழே சிறிய எழுத்தில் "எட்டாம் பதிப்பு" என்று இருந்தது. நாவலர் நூல்கள் அவருக்குப் பின்னும் பல தடவை அச்சானவை, அட்டையில் அவர் பெயர்தான் நிற்கும். பதிப்பின் எண்ணிக்கையையும் அச்சகத்தின் பெயரையும் வைத்துப் பார்த்தபோது பிந்தைய சுற்றுத்தான் பொருந்தியது. அதோடு முடியவில்லை. தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால் விபவ தை என்பது 1928 அல்ல, 1929 ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு. அந்தப் பிள்ளை "விபவ தை [1929]" என்று எழுதினார். நூலில் உள்ளதும் தெரிகிறது, அவர் கணித்ததும் தனியாகத் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொரு வேண்டுகோள். ஏபிஏ ஏழாம் பதிப்பு 2019இல் வந்தபோது வெளியீட்டு ஊரை எழுதத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். பெரிய பதிப்பகங்களுக்கு அது சரி. எங்கள் ஊர்ச் சிறு வெளியீடுகளுக்கு ஊர்ப்பெயர்தான் பாதி அடையாளம். சுன்னாகம் திருமகள் அழுத்தகம் என்பதில் சுன்னாகத்தை எடுத்துவிட்டால் தேடுகிறவருக்குக் கஷ்டம். உங்கள் துறை விட்டால் ஊரையும் எழுதுங்கள்.

தமிழ்த்துறை, மூன்றாம் வருடம்

பெயர்கள்தான் எனக்குப் பெரிய தலையிடி. 1979இல் வந்த இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம் என்ற நூலை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்கள் சி. மௌனகுரு, மௌ. சித்திரலேகா, எம். ஏ. நுஃமான். முதலாமவருக்கு முன்னெழுத்து தகப்பன் பெயர், இரண்டாமவருக்குக் கணவன் பெயர். குடும்பப் பெயர் என்று உசாத்துணைகளை அடுக்கித் தருகிற மென்பொருள் கேட்கிற ஒன்று இவர்களிடம் இல்லை. ஆனால் சித்திரலேகா மௌனகுரு என்று ஆங்கிலத்தில் உள்ள பெயரைக் கொடுத்தால் மென்பொருள் உடனே "மௌனகுரு" என்பதைக் குடும்பப் பெயராக்கி முன்னால் போட்டுவிடும். ஆங்கிலத்தில் இருவருக்கும் முதலெழுத்து எஸ் ஆகிவிட்டால் மனைவி எழுதிய பெண்ணியக் கட்டுரையும் கணவர் எழுதிய கூத்துக் கட்டுரையும் ஒரே ஆளுடையவை போலாகிவிடும். ஒரு பெண் ஆய்வாளரின் உழைப்பு இப்படிக் காணாமல் போகக்கூடாது.

அப்படியான ஒரு மென்பொருளான சோட்டரோவில் (Zotero) பெயரை இரண்டு பெட்டியாகப் பிரிக்காமல் ஒரே பெட்டியில் எழுதுகிற வசதி இருக்கிறது. தமிழ்ப் பெயர்களுக்கு அதைப் பாவியுங்கள், நீங்கள் எழுதியபடியே நிற்கும். பேராசிரியர், கலாநிதி, பண்டிதர் என்ற பட்டங்கள் பட்டியலில் வேண்டாம்.

தட்டச்சுச் செய்து கொடுப்பவர், திருநெல்வேலி (யாழ்ப்பாணம்)

நான் மாணவன் இல்லை. பிள்ளைகளின் ஆய்வேடுகளை ரைப் பண்ணிக் கொடுக்கிறேன், அதனால் எழுதலாம்தானே.

தயவு செய்து பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்க வேண்டாம். ஒரு பிள்ளை பாமினியில் அடித்த பட்டியலைக் கொண்டுவந்து, "அண்ணா, அகர வரிசையில் போட்டுத் தாங்கோ" என்றார். வேர்டில் வரிசைப்படுத்தியதும் யாழ்ப்பாணம் என்று தொடங்குகிற நூல்களெல்லாம் மேலே வந்துவிட்டன. பாமினியில் ய என்பது ஆங்கில ஏ விசை, அ என்பது எம் விசை. கொம்பியூட்டருக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான், அது அந்த வரிசையில்தான் அடுக்கும். பார்த்தெழுதியதைக் கண்டுபிடிக்கிற டேர்னிட்டினுக்கும் அது தமிழாகத் தெரியாது. யூனிகோடில் அடித்தால் இரண்டு பிரச்சினையும் இல்லை.

ஒவ்வொரு உசாத்துணையிலும் இரண்டாவது வரி அரை அங்குலம் உள்ளே போக வேண்டும் என்பதற்காக ஸ்பேஸ் விசையைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். எழுத்துரு சற்று மாறினாலும் எல்லாம் கலைந்துவிடும். வேர்டில் வரிகளைத் தெரிவு செய்து கண்ட்ரோலும் டியும் (Ctrl+T) அழுத்துங்கள், போதும். கடைக்கு பீடிஎஃப் ஆக்கிக்கொண்டு வாருங்கள்.

தற்காலிக விரிவுரையாளர்

இப்போது திருத்துகிற எங்களுக்கு வேறொரு வேலை வந்திருக்கிறது. ஒரு கட்டுரையில் யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரைப் பற்றி அருமையான ஓர் உசாத்துணை இருந்தது. சஞ்சிகை உண்மையானது, தொகுதி எண்ணும் உண்மையானது. நானே வாசிக்க ஆசைப்பட்டுத் தேடினேன். அந்தப் பக்கங்களில் இருந்தது வேறொரு கட்டுரை. இணையத்தில் கட்டுரைக்குரிய அடையாள எண்ணான டிஓஐ (DOI) எண்ணைப் போட்டுப் பார்த்தேன், அப்படி ஒன்று பதிவிலேயே இல்லை. மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். சட்ஜிபிடி தந்ததாம்.

அவர் ஏமாற்ற நினைத்த பிள்ளை அல்ல. சுண்ணாம்புக் கல்லையும் நைத்திரேற்றையும் பற்றி அவர் சொந்தமாக எழுதிய பகுதி நன்றாக இருந்தது. அந்த ஒரு வரியால் மற்ற எல்லா வரிகளிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, பட்டியல் முழுவதையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் புள்ளி போட முடிந்தது. டிஓஐ எண் 10 என்று தொடங்கும். டிஓஐ.ஓஆர்ஜி (doi.org) தளத்தில் போட்டால் நேரே கட்டுரைக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் அந்த வரியை வைக்க வேண்டாம்.

சமூகவியல், இறுதியாண்டு

அக்கா, நான் யாழ்ப்பாணத் தீவகத்தில் வயது போன மீனவர்கள் பலரை நேரில் கண்டு கதைத்திருக்கிறேன். அவர்களையும் உசாத்துணையில் போடுவதா?

தொடங்கியவர்

இல்லை தங்கச்சி. ஏபிஏயில் உங்கள் ஆய்வுக்காக நேர்கண்டவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள், ஏனென்றால் அந்தப் பேச்சை வேறு யாரும் போய்த் திறந்து பார்க்க முடியாது. எத்தனை பேரை, எங்கே, எப்போது கண்டீர்கள், எப்படித் தெரிவு செய்தீர்கள் என்பதை ஆய்வு முறையியல் பகுதியில் எழுதுங்கள். அவர்கள் சொன்னதைப் பகுப்பாய்வில் "தகவலாளர் 3" என்பது போலக் குறித்து மேற்கோளாகக் கொடுக்கலாம். அவர்களுடைய பேச்சை அவர்கள் பேசியபடியே விடுங்கள், எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம்.

பெயர் போடச் சம்மதமா என்று கேட்டீர்களா? கேட்காவிட்டால் ஊர்ப்பெயரையும் தவிர்த்துத் தீவகம் என்று மட்டும் எழுதுங்கள். சின்ன ஊரில் வயதையும் தொழிலையும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒலிப்பதிவுகளைத் திகதி போட்டு வைத்திருங்கள், வாய்மொழித் தேர்வில் கேட்டால் காட்டலாம்.