மைக்கோசிஸ் ஃபங்காய்டஸ்: சொல் வேண்டும், வெள்ளிக்குள்

செம்பூரிலிருந்து:
அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, மும்பையின் தாராவி, கோலிவாடாத் தமிழர்களுக்காக ஒரு தோல்நோய்க் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. மைக்கோசிஸ் ஃபங்காய்டஸுக்கு வரைவில் 'காளான் நோய்' என்றிருக்கிறது. படித்தவர் நேரே மருந்துக்கடையில் படர்தாமரைக் களிம்பு கேட்பார். இது பூஞ்சையே இல்லை. தோலில் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் புற்றாகிப் பெருகுவது. 1806இல் பிரெஞ்சு மருத்துவர் அலிபெர் ஒருவரின் கட்டிகளைக் காளான் போலக் கண்டார். அந்த உவமை பெயராகிவிட்டது. நல்ல சொல் தாருங்கள்.

மாட்டுங்காவிலிருந்து:
தம்பி, உவமை இருக்கட்டும்: 'காளானுருத் தோற்புற்று'. உரு என்றபின் யார் பூஞ்சை என்பார்? இது லிம்ஃபோமா வகை என்று, லிம்ஃபுக்கு வழங்கும் 'நிணநீர்' என்ற சொல்லை மட்டும் கொண்டுவர வேண்டாம். சங்கப் பாட்டில் நிணம் என்றால் கொழுப்பு. கொழுப்புக்கும் லிம்ஃபுக்கும் என்ன உறவு?

முலுண்டிலிருந்து:
உறவு உண்டு ஐயா. சாப்பிட்டபின் குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வரும் நிணநீர் பால்போல் வெளுத்திருக்கும். சொல் பொருந்தியே இருக்கிறது.
நான் தோல் பிரிவில் செவிலி. 'தோற்புற்று' என்றால் மெலனோமா போன்றவையும் அடங்கிவிடும், வைத்தியம் வேறு. இதில் திட்டு மட்டும் உள்ள நிலையில் ஸ்டீராய்டு களிம்பு, இல்லையென்றால் வாரம் இரண்டு மூன்று முறை புற ஊதா ஒளி, அதுவும் மாதக்கணக்கில். உடல் முழுக்கத் தோலில் பரவினால் தோல் முழுவதற்கும் எலக்ட்ரான் கதிர். "கீமோவா சிஸ்டர்?" என்று நடுங்கிக்கொண்டு கேட்கிறார்கள். தொடக்க நிலையில் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்கிறார்கள் என்பதைக் கையேடு முதல் பக்கத்திலேயே சொல்லவேண்டும். இன்னொன்று, வரைவில் உள்ள 'படை'யை எடுத்துவிடுங்கள். நம் ஊரில் படை என்றாலே படர்தாமரைதான். 'திட்டு' போதும்.

செம்பூரிலிருந்து:
நன்றி அக்கா. ஐந்து பேர் 'தோல் டி செல் நிணநீர்ப் புற்று' என்கிறார்கள். மருத்துவச் சீட்டிலுள்ள பெயரும் பக்கத்திலேயே இருக்கும். கீழே 'இது பூஞ்சை அன்று, தொற்றாது' என்று தடித்த எழுத்தில் போடுகிறேன்.

மாட்டுங்காவிலிருந்து:
நிணநீருக்கு இசைகிறேன், அந்தப் பால் விளக்கம் அருமை. 'செல்'லுக்கு மாட்டேன். உயிரணு என்ற தமிழ்ச்சொல் இருக்கிறதே. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.